பீனால் பாட்டில் பாறை மாதிரி இறுகிக் கிடக்கிறது, எப்படி உருக்குவது?

நெல்லை_பயோடெக்

எல்லோருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டுக்கு வேப்பிலையிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்க வேண்டும். கிட் வாங்க நிதி இல்லை, பீனால்-குளோரோஃபார்ம் முறையில் (அந்த இரண்டாலும் புரதத்தை நீக்கும் முறை) எடு என்று கைடு சொல்லிவிட்டார். ஸ்டோர் ரூமில் பழுப்புக் கண்ணாடியில் 500 கிராம் கிரிஸ்டல் பீனால் பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரே கட்டி. கவிழ்த்தாலும் அசையவில்லை.

ஒரு சீனியர் ஸ்பாட்டுலாவால் குத்தி எடு என்கிறார். இன்னொருவர் மைக்ரோவேவில் அரை நிமிடம் வை என்கிறார். லேபிளில் மண்டை ஓடும், கை அரிக்கிற படமும் இருப்பதால் எனக்குத் தொடவே பயம். என் சந்தேகங்கள்:

எப்படி உருக்குவது? சாதாரண நைட்ரைல் கிளவுஸ் போதுமா? கையில் பட்டுவிட்டால் தண்ணீரா, ஸ்பிரிட்டா? தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

ஃப்யூம் ஹுட் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) இருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது. ஆனால் உள்ளே பழைய ஆசிட் பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

---

கரண்டி_கெமிஸ்ட்

ரொம்ப யோசிக்காதீங்க. மூடியைக் கழட்டி மைக்ரோவேவ்ல 20 செகண்ட், 20 செகண்டா விட்டு எடுங்க. எங்க லேப்ல எல்லாரும் அப்படித்தான் பண்றோம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. நாத்தம் வரும், அவ்வளவுதான்.

---

மதுரை_லேப்அக்கா

தம்பி கரண்டி, ஒண்ணும் ஆகலன்னா சந்தோஷம். ஆனா அந்த யோசனையை இந்தப் பொண்ணுக்குக் கொடுக்காதீங்க.

நான் மதுரைப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல லேப் டெக்னீஷியனா இருந்து ரிடையர் ஆனவ. பீனாலை உருக்கி, ட்ரிஸ் பஃபர்ல (பி.ஹெச். மாறாம வைக்கிற கரைசல்) நிறைவு பண்ணி, சின்னச் சின்ன பாட்டிலாப் பிரிச்சு ஸ்காலர்களுக்குக் கொடுக்கிறது என் பொறுப்பு. அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன்.

முதல்ல மைக்ரோவேவ். பீனாலோட ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதோட ஆவி தீப்பிடிக்கக்கூடிய சூடு, 79 டிகிரி. அந்தப் பெட்டி கட்டியை ஒரே சீரா சூடாக்காது. ஓரம் கல்லா இருக்கும்போதே நடுவுல ஒரு இடம் கொதிச்சிரும். மேல கட்டி அடைச்சிருக்க, அடியில உருகி விரிஞ்சா பாட்டில் வெடிக்கலாம், இல்ல குபுக்குனு மேல எறியலாம். கதவைத் திறக்கும்போது உள்ள தேங்கின ஆவி நேரா உங்க மூஞ்சிக்குத்தான் வரும். அதே அடுப்புல நாளைக்கு ஒருத்தர் ஜெல் போட அகரோஸ் காய்ச்சுவாங்க, இன்னொருத்தர் யாருக்கும் தெரியாம சாப்பாடு சுட வைப்பாங்க. அதையும் நான் பாத்திருக்கேன்.

ஸ்பாட்டுலாவால குத்துறது அதைவிட மோசம். துணுக்கு தெறிக்கும். கண்ணுல போனா பார்வையே போகலாம். சட்டைக் காலருக்குள்ள விழுந்தா உடம்புச் சூட்டுல உருகி, எங்க இருக்குன்னு தெரியுறதுக்குள்ள தோலுக்குள்ள இறங்கிரும்.

ஆசிட் பட்டா சுரீர்னு எரியும், கையை உதறிட்டுக் குழாய்க்கு ஓடுவோம். பீனால் பட்டா மரத்துப்போகும். நரம்பையே மரக்கடிக்கிற சாமான் அது. கால் நகம் சதைக்குள்ள வளர்ந்தா டாக்டருங்க 88 சதவீத பீனாலைத் தொட்டு வெச்சு நகத்தோட வேரைக் கருக்குறாங்கல்ல, அதே பீனால்தான். எங்க லேப்ல ஒரு ஸ்காலர் பையன். கிளவுஸ் முடியுற இடத்துக்கும் கோட் கை ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலம் தோல் தெரியும். அங்க ஒரு சொட்டு பட்டிருக்கு. அவனுக்கு ஒண்ணுமே தெரியல. வேலை முடிச்சுக் கை கழுவும்போது நான்தான் பார்த்தேன், சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையா ஒரு திட்டு. "வலிக்குதாடா"ன்னா "இல்லக்கா"ங்கிறான். நாலஞ்சு நாள்ல அந்த இடம் கருத்து, தோல் உரிஞ்சு வந்துச்சு. இது சின்ன இடம், தப்பிச்சான். ஒரு கை முழங்கை வரைக்கும் நனைஞ்சா உயிருக்கே ஆபத்துன்னு எடுத்துக்கணும். தோல் வழியா ரத்தத்துல கலந்து இதயம், மூளை, சிறுநீரகம்னு போகும்.

அதனால "எரிஞ்சா கழுவிக்கலாம்"னு இருக்கக் கூடாது. பட்டிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே பட்டதுன்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும்.

இனி உருக்குற விஷயம். பீனால் உருகு நிலை 41 டிகிரிக்குக் கொஞ்சம் கீழ. எங்க பழைய ஸ்டோர் ரூம் மேல தகரம் போட்டது, சித்திரை வெயில்ல பாட்டில் தானா தண்ணியா நிக்கும், மார்கழியில மறுபடி கல்லாயிரும். ஏ.சி. ஓடுற ரூம்ல உருகவே உருகாது. இவ்வளவு குறைஞ்ச சூட்டுல உருகுறதுக்கு வாட்டர் பாத்தே (சூட்டைச் சீரா வைக்கிற வெந்நீர்த் தொட்டி) தாராளம்.

ஹுட்டுல இருக்கிற ஆசிட் பாட்டில்களை எல்லாம் முதல்ல வெளிய எடுத்து அதுக்குரிய அலமாரியில வைங்க. ஹுட்டை அலமாரியாக்கினா காத்து சுத்தாது. டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு ஒரு நாடா மாதிரி ஹுட் வாசல்ல பிடிச்சுப் பாருங்க, உள்பக்கம் இழுத்தா சரி. பீனால் பாட்டிலைத் தனியா ஒரு ஸ்டீல் பாத்திரத்துல வெச்சு, அதுல தண்ணி ஊத்தி, மொத்தத்தையும் வாட்டர் பாத்துக்குள்ள இறக்குங்க. பாட்டில் விரிசல் விட்டாலும் பாத் முழுக்கப் பரவாது. அலுமினியப் பாத்திரம் வேணாம், சூடான பீனால் அலுமினியத்தை அரிக்கும். தண்ணி சாதாரணச் சூட்டுல ஆரம்பிச்சு மெதுவா 60 வரைக்கும் ஏறட்டும். ஜில்லுனு இருக்கிற கண்ணாடியைக் கொதிநீர்ல முக்காதீங்க. மூடியை முழுசாத் திறக்க வேணாம், ஒரு திருகு தளர்த்தி விட்டாப் போதும். அவசரப்படாதீங்க. பாட்டிலை அங்க விட்டுட்டு வேற வேலையப் பாருங்க, ஆனா ரூமை விட்டுப் போகாதீங்க.

முழுக்க உருகினதும் கொஞ்சமா வேற பாத்திரத்துக்கு ஊத்தி எடுக்கிறது, மிச்சத்தை மறுபடி உறைய விடுறது, அந்தப் பழக்கம் வேணாம். அடுத்த மாசம் மறுபடி இதே கூத்துதான். அந்த பாட்டில்லயே இடம் இருந்தா பஃபரைச் சேர்த்திருங்க. பத்துக்கு ஒரு பங்கு தண்ணி சேர்ந்தாலே பீனால் அதுக்கப்புறம் சாதாரணச் சூட்டுல திரவமாவே நிக்கும். அப்புறம் 0.5 மோலார் ட்ரிஸ், பி.ஹெச். 8, சம அளவு ஊத்திக் கலக்கி, மேல நிக்கிற தண்ணியை உறிஞ்சி எடுத்து, அடுத்தது 0.1 மோலார் ட்ரிஸ்ல திரும்பத் திரும்ப, பீனால் பக்கம் பி.ஹெச். 7.8-க்கு மேல வர்ற வரைக்கும். பி.ஹெச். குறைஞ்சா உங்க டி.என்.ஏ. தண்ணியில நிக்காம பீனாலுக்குள்ள போயிரும், கடைசியில டியூப்ல ஒண்ணும் இருக்காது. 0.1 சதவீதம் 8-ஹைட்ராக்ஸிகுவினோலின் சேர்த்தா பீனால் மஞ்சளா மாறும். கெடாம வைக்கிறது மட்டும் இல்ல, எந்த அடுக்கு பீனால்னு கண்ணுக்குத் தெரியும், மேசையில சிந்தினாலும் தெரியும். எனக்கு அந்த மஞ்சள் ரொம்பப் பிடிக்கும்.

கிளவுஸ். மெல்லிசு நைட்ரைல் கிளவுஸ் சிதறலுக்குத் தாங்கும், முக்கிக்கிட்டு இருக்கத் தாங்காது. மருத்துவமனையில போடுற லேடெக்ஸ் கிளவுஸ் வேணவே வேணாம். உருக்கி ஊத்துற வேலைக்கு கெட்டியான நியோப்ரீன் இல்ல பியூட்டைல் கிளவுஸ், முழங்கை வரைக்கும் வர்றது. குளோரோஃபார்ம் கலந்தப்புறம் கதையே வேற, அது நைட்ரைலை நிமிஷக் கணக்குல தாண்டிப் போயிரும். அப்ப ரெண்டு நைட்ரைல் ஒண்ணுமேல ஒண்ணு போட்டு, ஒரு சொட்டு பட்டாலும் உடனே மேலதைக் கழட்டி மாத்துங்க. கோட் கையை கிளவுஸுக்குள்ள விடுங்க. கண்ணாடி மட்டும் போதாது, உருக்கும்போது முகத்துக்கு ஷீல்டும் வேணும். ஷூ, பாதம் மூடினது. தோல் வாட்ச் பட்டையைக் கழட்டி வெச்சிருங்க. அந்தப் பட்டை பீனாலைக் குடிச்சா எவ்வளவு கழுவினாலும் போகாது, தூக்கித்தான் போடணும்.

கையில பட்டா என்ன பண்ணணும்னு கேட்டீங்க. பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பாலிஎத்திலீன் கிளைகால் 400 ஒரு பாட்டில், பஞ்சு ஒரு கட்டு, ஹுட் பக்கத்துல இருக்கணும். விலை அதிகம் இல்ல, எந்த கெமிக்கல் கடையிலயும் கிடைக்கும். அது இல்லாம பீனால் பாட்டிலைத் திறக்க நான் யாரையும் விட்டதில்ல, புரொஃபசரா இருந்தாலும் சரி. நாலு பேர் முன்னாடி என்னைத் திட்டினவங்களும் உண்டு.

---

நெல்லை_பயோடெக்

அக்கா, மிக்க நன்றி. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றலாமா கூடாதா என்பதுதான் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இன்னொன்று. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன், திறக்கவில்லை. கட்டியின் மேல்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. அது பரவாயில்லையா?

---

ஐசியூ_இரவுப்பணி

தண்ணீர் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

"தண்ணீர் கூடாது" என்பது அரைகுறையாகப் பரவிய செய்தி. கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரத்துணியால் துடைத்தால் பீனால் நீர்த்து அதிக இடத்துக்குப் பரவும், உறிஞ்சப்படும் பரப்பு கூடும். அதைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். குழாயை முழுக்கத் திறந்து, ஷவரில் நின்று, கொட்டுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுவதில் தவறே இல்லை. பாலிஎத்திலீன் கிளைகால் கையெட்டும் தூரத்தில் இருந்தால் அது முதல் தேர்வு. பஞ்சை நனைத்துத் துடையுங்கள், பஞ்சை மாற்றுங்கள், மறுபடி துடையுங்கள், வாசனை போகும் வரை. அது இல்லாமல், பட்ட இடமும் சின்னதாக இருந்தால் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் உதவும். பெரிய பரப்பு என்றால் எதையும் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், நேராக ஷவருக்குப் போங்கள், துணியை அங்கேயே கழற்றுங்கள். அந்த நேரத்தில் வெட்கம் பார்த்தவர்கள்தான் மோசமான நிலையில் எங்களிடம் வருகிறார்கள்.

கண்ணுக்கு வெறும் தண்ணீர் மட்டும். கிளைகாலோ ஆல்கஹாலோ கண்ணில் விடக்கூடாது.

துடைத்து விடுகிறவரும் கிளவுஸ் போட வேண்டும். இதை மறந்து உதவிக்குப் போனவரும் சேர்ந்து அட்மிட் ஆனதைப் பார்த்திருக்கிறேன். 108-ஐ அழைக்கும்போதே "பீனால்" என்று பெயரைச் சொல்லுங்கள், பாட்டில் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். "ஏதோ ஆசிட்" என்று சொல்லி அழைத்து வந்தால் நாங்கள் தோலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். இதயத் துடிப்பையும் வலிப்பையும் கவனிக்க வேண்டிய நேரம் அது. சிறுநீர் கருமையாகப் போனால் உடனே சொல்ல வேண்டும். வலி இல்லை என்பதை வைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

---

கரண்டி_கெமிஸ்ட்

சரி, மைக்ரோவேவை விட்டுடறேன். ஆனா இவ்வளவு பில்டப் தேவையா? 1865-ல லிஸ்டர்ங்கிற சர்ஜன் ஆபரேஷன் தியேட்டர்லயே இதைத்தானே ஊத்தினாரு? புண்ணு மேலயே கட்டினாங்க.

---

மதுரை_லேப்அக்கா

கட்டினாரு தம்பி. கிளாஸ்கோவுல கால் மேல வண்டி ஏறி எலும்பு ஒடிஞ்ச 11 வயசுப் பையன், புண்ணு சீழ் பிடிக்காம ஆறுச்சு. அன்னைக்கு அந்தப் புண்ணுக்கு மாத்து வழி காலை வெட்டுறது, அதுகூட வெச்சுப் பாத்தா பீனால் லாபம். அப்படியும் சர்ஜன்கள் கை வெடிச்சுத் தோல் உரிஞ்சுது, பின்னாடி லிஸ்டரே காத்துல தெளிக்கிறதை விட்டுட்டாரு. நம்ம பொண்ணுக்கு வேப்பிலைதான் ஆகணும், கால் ஒண்ணும் ஒடியல.

ம்மா, சிவப்பா இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதை முன்னாடியே கேட்டிருக்கணும். பீனால் காத்துல ஆக்ஸிஜன் ஏறினா அப்படித்தான் ரோஸ் ஆகும், அப்புறம் பழுப்பாகும். அப்படி உண்டாகுற குவினோன்கள்ங்கிற பொருள்கள் உங்க டி.என்.ஏ.வைத் துண்டு துண்டா அறுத்துடும். கஷ்டப்பட்டு உருக்கி எடுத்தாலும் ஜெல்லுல ஓட்டிப் பாத்தா தெளிவான கோடு வராம இழுவல்தான் தெரியும். அந்த பாட்டிலைத் திறக்கவே வேணாம். மேல நான் சொன்ன வாட்டர் பாத் கதையெல்லாம் வெள்ளைக் கட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு.

உங்க கைடுகிட்ட ட்ரிஸ்ல நிறைவு பண்ணின பீனால் 100 மில்லி பாட்டில் கேளுங்க. கிட்டைவிட ரொம்ப மலிவு. உருக்குற வேலை, பி.ஹெச். பாக்குற வேலை ரெண்டும் மிச்சம். கிளவுஸ், கிளைகால், ஷீல்டு மட்டும் அப்படியே இருக்கணும், அதுவும் பீனால்தான்.

---

செடிகொடி_ஆய்வு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வேப்பிலைக்கு பீனால் எதற்கு?

தாவரத்துக்கு சி.டி.ஏ.பி. (சோப்பு மாதிரி செல்லை உடைக்கும் பொருள்) முறைதான் வழக்கம், டாயில் தம்பதியர் 1987-ல் வெளியிட்டது. இலையை அரைத்து, சி.டி.ஏ.பி. 2 சதவீதம், உப்பு 1.4 மோலார் உள்ள பஃபரில் 60 டிகிரியில் வைத்து, குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24-க்கு 1 என்று கலந்து புரதத்தை நீக்கினால் போதும். அதில் பீனாலே கிடையாது. வேப்பிலையில் இயல்பாகவே இருக்கும் பாலிபீனால் சேர்மங்கள் அதிகம், டி.என்.ஏ. பழுப்பாக வரும். அதற்கு பி.வி.பி.யும் (பாலிபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்) மெர்காப்டோஎத்தனாலும் பஃபரில் சேர்க்க வேண்டும். மெர்காப்டோஎத்தனாலும் ஹுட்டுக்குள்தான், அந்த நாற்றம் கட்டடம் முழுக்கப் போகும்.

நாங்கள் புளி, வேம்பு, மா மூன்றுக்கும் இப்படித்தான் எடுக்கிறோம். பி.சி.ஆர். நன்றாக வருகிறது.

குளோரோஃபார்மும் லேசுப்பட்டதில்லை. பாலிப்ரொப்பிலீன் டியூப் மட்டும் பயன்படுத்துங்கள், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். பாராஃபில்ம் (டியூப் மூடியைச் சுற்றும் மெழுகுத்தாள்) சுற்றி நம்பிக்கொண்டு குலுக்காதீர்கள், குளோரோஃபார்ம் அதையும் கரைக்கும். மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, இடையில் ஒரு முறை மூடியைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள்.

---

மதுரை_லேப்அக்கா

இது ரொம்ப நல்ல யோசனை. எங்க லேப்ல எலித் திசுவும் ரத்தமும்தான், அதனால என் புத்தி பீனாலிலேயே ஓடிருச்சு. செடிகொடி சொன்னதைச் செய்ங்கம்மா.

பின்னாடி ஆர்.என்.ஏ. எடுக்கப் போனீங்கன்னா ட்ரைசால்னு ஒரு ரெடிமேட் திரவம் கைக்கு வரும். அது சிவப்பா அழகா இருக்கும், பாதிப்பேருக்கு அதுல பீனால் இருக்குன்னே தெரியாது. அதுகூட குவானிடின் தயோசயனேட்டும் இருக்கு. சிந்தினா ப்ளீச் ஊத்தித் துடைக்காதீங்க, விஷ வாயு கிளம்பும்.

---

நெல்லை_பயோடெக்

கைடிடம் பேசிவிட்டேன். சி.டி.ஏ.பி. முறைக்குச் சம்மதித்துவிட்டார், பணமும் மிச்சம் என்பதால் உடனே. பழைய பாட்டிலை என்ன செய்வது? "சிங்க்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடு" என்கிறார் ஸ்டோர் கீப்பர்.

---

மதுரை_லேப்அக்கா

சிங்க்குல வேணாம்னு சொல்லுங்க. குடிநீர்ல பீனால் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான் இருக்கலாம்னு நம்ம நாட்டுத் தரம் சொல்லுது. குளோரின் போட்ட தண்ணியில அது சேர்ந்தா குளோரோபீனாலாகி, துளியூண்டு இருந்தாலே மருந்து நாத்தம் அடிக்கும். 500 கிராம் எத்தனை தண்ணியைக் கெடுக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. கழிவுநீரைச் சுத்தம் பண்ற பாக்டீரியாவையும் அது கொன்னுரும்.

மூடியை இறுக்கி, ஒரு கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள நிமிர்த்தி வெச்சு, "பழைய பீனால், திறக்காதே"ன்னு தமிழ்ல பெரிசா எழுதி ஒட்டுங்க, தேதியோட. ஆக்ஸிகரணி, நைட்ரிக் ஆசிட் எதுவும் பக்கத்துல வேணாம். அபாயக் கழிவு எடுக்க அனுமதி வாங்கின நிறுவனம் உங்க கல்லூரிக்கு வர்றப்ப கொடுக்கலாம். அப்படி யாரும் வர்றதில்லன்னா துறைத்தலைவருக்கு எழுத்துல கொடுங்க, ஒரு காப்பி உங்ககிட்ட வைங்க. குளோரோஃபார்ம் கழிவுக்கு வேற பாட்டில், அதையும் இதையும் ஒண்ணா ஊத்தாதீங்க. அசிட்டோன் கழிவையும் அதுல சேர்க்கக் கூடாது, காஸ்டிக் சோடா மாதிரி காரம் கொஞ்சம் கலந்திருந்தாலும் குளோரோஃபார்மோட சேர்ந்து கொதிச்சு வெடிக்கும்.

ஹுட்டுல இருந்து எடுத்த ஆசிட் பாட்டில்களைத் திரும்ப உள்ள வைக்க வந்தாங்கன்னா விடாதீங்க.